ஆயிரம் யார் தூரத்துக்கு எந்தச் சன்னம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது கொக்குவிலில். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். 1997இல் இங்கிலாந்து போய் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அந்தக் காலம் பெரும்பாலும் ஒரு குறிசூட்டுக் கழகத்தில் அங்கத்தவன். ஊருக்குத் திரும்பிய பிறகும் ஞாயிறு இரவில் போன் வரும். லண்டனில் மருமகன், ஒட்டாவாவில் பழைய மாணவன், சிட்னியில் பெறாமகள். மூன்று பேரும் தனித்தனியாக இந்த விளையாட்டுக்குள் வந்தவர்கள். மூன்று பேரும் கேட்பது ஒரே கேள்விகள். வாயால் சொன்னது போதும், எழுதி வைப்போம் என்று இதை எழுதுகிறேன்.

சொற்களை முதலில் சரி செய்து கொள்வோம். கடையில் வாங்கும் முழுத் துண்டை ரவை என்கிறேன். அதன் நுனியிலிருந்து பறந்து போவது சன்னம். பித்தளைக் கூடு கோது. உள்ளே இருக்கும் தூள் மருந்து. கோதின் அடியில் தீ கொடுக்கும் சிறு மூடி பிறைமர். தூரம் எல்லாம் யார்க் கணக்கு, ஏனென்றால் சூட்டுத் திடல்களை அப்படித்தான் அளந்திருக்கிறார்கள். 1000 யார் என்பது 914 மீற்றர்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் பழகலாமா?

முடியாது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். வீட்டில் ரவை நிரப்புகிற எண்ணமே வேண்டாம். கீழே உள்ளது வெளிநாட்டில் சட்டப்படி அனுமதி எடுத்து, கழகத்தில் சேர்ந்து, திடலில் பொறுப்பாளர் முன்னிலையில் சுடுகிறவர்களுக்கு. இங்கே இருக்கும் உயர்தரப் பிள்ளைகளுக்கு இதில் நல்ல பௌதிகம் இருக்கிறது. அதற்காகத் தாராளமாக வாசிக்கலாம்.

பாரமான சன்னம் என்றால் எவ்வளவு பாரம்?

சன்னத்தின் நிறையைக் கிறெயின் என்ற பழைய அளவில் சொல்வார்கள். ஒரு இறாத்தலுக்கு 7000 கிறெயின். 155 கிறெயின் சன்னம் பத்து கிராம், நகைக்கடைக் கணக்கில் ஒன்றேகால் பவுண். 200 கிறெயின் என்றால் பதின்மூன்று கிராம் அளவு. 1952இல் வந்த .308 வின்செஸ்டர் ரவைக்கு (சன்னத்தின் விட்டம் .308 அங்குலம்) 155 சாதாரணம், 175 நடுத்தரம், 185க்கு மேல் பாரம். 200, 215, 230 எல்லாம் நல்ல பாரம். .223 ரவைக்கு 80 கிறெயினே பாரம், 90 என்றால் உச்சம். அந்தந்தக் குழலின் விட்டத்தை வைத்துத்தான் பாரம் என்கிறோம்.

பாரமான சன்னம் மெதுவாகத்தானே புறப்படும்? பிறகு அதில் என்ன இலாபம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் தெரிந்துவிட்டால் மிச்சம் பாதி விளங்கிவிடும்.

காற்று சன்னத்தைச் சருகு மாதிரி அள்ளிக்கொண்டு போவதில்லை. அப்படி அள்ளினால், மணிக்கு 16 கிலோமீற்றர் பக்கக் காற்றில் ஒன்றரைச் செக்கன் பறக்கும் சன்னம் ஆறரை மீற்றர் விலக வேண்டும். உண்மையில் விலகுவது இரண்டு மீற்றர் சொச்சம். ஏனென்றால் சன்னம் தன் மூக்கை எதிர்வரும் காற்றுப் பக்கம் சற்றுத் திருப்பிக்கொள்ளும். அப்படித் திரும்பியதும், அதைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத்தடையின் ஒரு சிறு கூறு பக்கவாட்டில் வேலை செய்யும். ஆகவே விலகல் எவ்வளவு என்பது, தடை அந்தச் சன்னத்தை எவ்வளவு தாமதப்படுத்தியது என்பதில் தங்கியிருக்கிறது. கணக்கு இதுதான்: காற்றின் வேகத்தை எடுங்கள். சன்னம் உண்மையில் எடுத்த நேரத்திலிருந்து, வெற்றிடத்தில் எடுத்திருக்கும் நேரத்தைக் கழியுங்கள். இரண்டையும் பெருக்குங்கள். விலகல் வந்துவிடும்.

என் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டும் உதாரணத்தைத் தருகிறேன். இரண்டும் .308 ரவைதான். ஒன்று 155 கிறெயின் சன்னம், செக்கனுக்கு 899 மீற்றரில் குழலை விட்டு வெளியே வருகிறது. மற்றது 200 கிறெயின், செக்கனுக்கு 808 மீற்றர்தான். தொடக்கத்தில் 155 நன்றாக முந்துகிறது. ஆனால் 1000 யார் போய்ச் சேரும்போது 155இன் வேகம் 418 அளவுக்கு இறங்கிவிடும், 200 இன்னும் 464 அளவில் ஓடும். பறந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ 1.49 செக்கன். ஒரே நேரத்தில் இலக்கை அடைகின்றன!

இப்போது கழித்துப் பாருங்கள். தடையே இல்லாவிட்டால் 155க்கு 1.02 செக்கன் போதும். அது 0.47 செக்கன் தாமதித்திருக்கிறது. 200க்கு வெற்றிட நேரம் 1.13, தாமதம் 0.36 செக்கன். அதே 16 கிலோமீற்றர் காற்றில் முதலாவது 2.1 மீற்றர் விலகும், இரண்டாவது 1.6 மீற்றர். இவ்வளவுக்கும் இரண்டும் காற்றில் இருந்தது ஒரே அளவு நேரம். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு யாராவது ஒரு பிள்ளை “சேர், திரும்ப ஒருக்கா” என்று கேட்கும். எனக்கு அந்த நிமிடம் பிடிக்கும்.

அரை மீற்றர் வித்தியாசம் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். தொலைநோக்கி வைத்துப் படுத்துச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் 1000 யாரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 12.7 சென்ரிமீற்றர். காற்றை மணிக்கு 1.2 கிலோமீற்றர் பிழையாக மதித்துவிட்டால் 155 சன்னம் 16 சென்ரிமீற்றர் தள்ளி விழும், வட்டத்துக்கு வெளியே. 200 சன்னம் 12 சென்ரிமீற்றரோடு விளிம்புக்குள் நிற்கும். மணிக்கு 1.2 கிலோமீற்றர் பிழையை எந்தக் கெட்டிக்காரனும் ஒரு நாளில் பத்துத் தரம் விடுவான்.

அப்படியென்றால் இருப்பதிலேயே பாரமானதை வாங்கினால் சரிதானே?

சரியில்லை. மூன்று தடை இருக்கிறது: விதி, குழலின் முறுக்கு, தோளில் விழும் உதைப்பு.

விதி சுருக்கமானது. துளைக் குறிகாட்டியோடு, தோளில் வார் மாட்டிப் படுத்துச் சுடும் ரார்கெற் றைஃபிள் என்ற இலக்குத் துவக்குப் போட்டிக்குச் சர்வதேச விதிப்படி .308 சன்னம் 156 கிறெயினுக்குக் குறைவாக இருக்க வேண்டும், .223 சன்னம் 81க்குக் குறைவாக. அங்கே பாரத்தைப் பற்றிப் பேச இடமில்லை. 155இல் எது நல்ல வடிவம் என்பது மட்டுமே கேள்வி. எஃப்-கிளாஸில் இரண்டு பிரிவு, எஃப்-ரிஆரும் எஃப்-ஓப்பனும். எஃப்-ரிஆர் பிரிவில் அதே இரண்டு ரவைதான், ஆனால் சன்னத்தின் பாரத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. தொலைநோக்கியும் இருகால் தாங்கியும் வைக்கலாம். துவக்கின் மொத்த நிறை 8.25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எஃப்-ஓப்பன் 10 கிலோ வரை. அங்கே 7 மி.மீ. குழலும் 180 கிறெயின் சன்னமும் நீண்ட நாளாகப் பேர் பெற்றவை. எஃப் என்ற எழுத்து கனடாக்காரரான ஜோர்ஜ் ஃபார்க்குவார்சனின் பெயரிலிருந்து வந்தது. வயது போய்த் துளைக் குறிகாட்டி மங்கலாகத் தெரியத் தொடங்கியவர்களும் தொடர்ந்து சுட வேண்டும் என்று அவர் தொடங்கிய பிரிவு அது. ஐம்பத்தைந்து வயதில் எனக்கும் அதுதான் கைகொடுத்தது.

உதைப்பைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். மேலே சொன்ன 155ஐயும் 200ஐயும் உந்தக் கணக்கில் ஒப்பிட்டால் 200இன் சன்னம் பதினாறு வீதம் கூட. துவக்கு 8.25 கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்பதால் அந்த உதை அப்படியே தோளுக்கு வரும், தாங்கியும் துள்ளும். அறுபது எழுபது ரவை சுடுகிற நாளில், கடைசிப் பதினைந்தில் என் தோள் தன்னை அறியாமல் முன்னுக்குத் தள்ளத் தொடங்கும். தாளில் துளைகளின் குழுமம் நிலைக்குத்தாக நீளும். காற்றில் மிச்சம் பிடித்ததை அங்கே இழந்துவிடுவேன். அதனால் .308இல் 230 வரை இருந்தாலும் 185க்கும் 200க்கும் இடையில் நிற்பதுதான் பலருக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம்.

முறுக்குக்குத் தனிக் கேள்வி வேண்டும்.

என் குழலில் 13க்கு ஒன்று என்று வெட்டியிருக்கிறது. 200 கிறெயின் சுடலாமா?

வேண்டாம். குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிகள் சன்னத்தைச் சுழற்றிவிடும். 13க்கு ஒன்று என்றால் 13 அங்குலம் போகும்போது ஒரு முழுச் சுற்று. பம்பரம் நிற்கிற மாதிரி, சுழற்சி போதாவிட்டால் சன்னம் சாயும். எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாகச் சன்னத்தின் நீளம். ஒரே விட்டத்தில் பாரம் கூடினால் நீளமும் கூடும், அதனால்தான் பாரத்தை வைத்துப் பேசுகிறோம். ஈயம் இல்லாத முழுச் செப்புச் சன்னம் அதே பாரத்துக்கு இன்னும் நீளம், அதற்கு இன்னும் இறுக்கமான முறுக்கு வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பில்லை. 1850களில் பிரித்தானியப் படையின் என்ஃபீல்ட் துவக்கு .577 அங்குலக் குழல், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று, சன்னம் 530 கிறெயின். ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜோசெஃப் விட்வேர்த் அதே 530 கிறெயினை .451 அங்குலக் குழலுக்கு ஒடுக்கி நீட்டி, முறுக்கை 20 அங்குலத்துக்கு ஒன்றாக இறுக்கினார். நிறை ஒன்றுதான், ஆனால் தூரத்தில் என்ஃபீல்டால் அதற்குக் கிட்டவும் வர முடியவில்லை. 1860இல் விம்பிள்டனில் குறிசூட்டுப் போட்டியை விக்ரோறியா மகாராணி முதற் சூட்டைச் சுட்டுத் தொடக்கி வைத்தது ஒரு விட்வேர்த் துவக்கால்தான். அந்தப் போட்டி 1890இல் பிஸ்லி என்ற ஊரின் திடலுக்குப் போய் இன்றும் நடக்கிறது. இறுதிச் சுற்று 900, 1000 யாரில்.

1879இல் கிறீன்ஹில் என்ற கணிதப் பேராசிரியர் ஒரு எளிய சூத்திரம் தந்தார். விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுங்கள், எல்லாம் அங்குலத்தில். வேகம் கூடிய இன்றைய ரவைக்கு 150இன் இடத்தில் 180 போடுவார்கள். 1.2 அங்குல நீளமான .308 சன்னத்துக்கு 14 சொச்சம் வரும். ஆகவே 155க்கு 13 முறுக்குத் தாராளம். 200 கிறெயின் சன்னத்துக்கு 10 முறுக்கு வேண்டும், 185க்கு 11 அல்லது 10. இன்று பலரும் பாவிப்பது டொன் மில்லரின் சூத்திரம். அதில் விடையாக வரும் நிலைத்தன்மை எண் 1.5 அல்லது அதற்கு மேல் வந்தால் நிம்மதி. 1க்குக் கீழே போனால் சன்னம் புரளும்.

அது புரண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் முதல் துவக்கின் குழல் 14 முறுக்கு. யாரோ பாதி விலைக்குத் தந்த 200 கிறெயின் சன்னத்தை அதில் ஏற்றி, ஒரு குளிர்ந்த ஏப்ரல் காலையில் 300 யாரில் ஐந்து ரவை சுட்டேன். இலக்குக் குழிக்குள் இருந்தவர் மூன்றுக்கு மட்டும் குறி காட்டினார். நான் நடந்து போய்த் தாளைப் பார்த்தேன். ஒரு துளை முட்டை வடிவம். மற்றது சன்னம் படுத்த வாக்கில் குத்தியது: மூக்கு, உடல், ஒடுங்கிய வால் எல்லாம் தாளில் வெட்டி எடுத்தது போலத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணக்கைப் போட்டேன். விடை 0.91. கணக்கைச் சுட முதல் போட்டிருக்க வேண்டும்.

உங்கள் குழலின் முறுக்கைத் தெரியாவிட்டால் அளக்கலாம். துவக்கு வெறுமையா என்று இரண்டு தரம் பாருங்கள். துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணித்துண்டைக் கட்டிக் குழலுக்குள் விடுங்கள். கம்பியின் கைபிடி தானாகச் சுற்றுகிறதா என்று பார்த்து, கம்பியில் ஒரு கோடு போடுங்கள். மெதுவாகத் தள்ளுங்கள். கோடு ஒரு முழுச் சுற்று வந்து மேலே வரும்போது கம்பி எவ்வளவு அங்குலம் உள்ளே போனதோ அதுதான் முறுக்கு.

ஒரு பெட்டியில் 0.64 என்று இருக்கிறது, மற்றதில் 0.33. முதலாவது இரண்டு மடங்கு நல்லதா?

இரண்டும் ஒரே சன்னமாகக்கூட இருக்கலாம். அந்த எண் சன்னம் காற்றைக் கிழிக்கும் திறன். ஒரு நியமச் சன்னத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஜி1 என்ற நியமம் பழைய காலத்து மொட்டைச் சன்னம். ஜி7 நீண்ட மூக்கும் ஒடுங்கிய வாலும் கொண்டது, எங்கள் சன்னங்களின் வடிவத்துக்குக் கிட்ட. அதே சன்னத்துக்கு ஜி1 எண் ஜி7 எண்ணைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும். ஜி7ஐயே பாருங்கள். ஜி1 எண் வேகம் குறையக் குறைய மாறும், அதனால் தூரத்துக் கணக்கு பிழைக்கும்.

ஒரு அளவுக்கு: .308இல் நல்ல 155 சன்னத்தின் ஜி7 0.23 சுற்றில், 175க்கு 0.24, 185க்கு 0.28, 200க்கு 0.33. 155இலிருந்து 175க்குப் போய் அதிகம் கிடைக்காது என்பதைக் கவனியுங்கள். பாரம் கூடியும் வடிவம் பழையதாக இருந்தால் அப்படித்தான்.

168 கிறெயின் மலிவாகக் கிடைக்கிறது. 1000 யாருக்குப் போதுமா?

600 யார் வரை அருமையான சன்னம். சியெரா மட்ச்கிங் 168 முதலில் 300 மீற்றர் சர்வதேசப் போட்டிக்காகச் செய்யப்பட்டது. அதன் வால் 13 பாகை கோணத்தில் சட்டென்று ஒடுங்கும். ஒலியின் வேகத்துக்குக் கிட்ட இறங்கும்போது அந்த வால் சன்னத்தைத் தள்ளாட வைக்கும். .308இலிருந்து சாதாரண வேகத்தில் சுட்டால் 1000 யாரை அடையும்போது செக்கனுக்கு 330 மீற்றருக்குக் கிட்ட வந்துவிடும், ஒலி 15 பாகை வெப்பத்தில் 340. அதாவது மோசமான கட்டத்தை இலக்குக்கு முன்னாலேயே கடக்கிறது. ஒட்டாவாத் தம்பி ஒரு பெட்டி நூறு வாங்கிவிட்டார். அதை 300இலும் 600இலும் சுட்டு முடிக்கச் சொன்னேன்.

சன்னத்தை மாற்றினால் மருந்தையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். இந்தப் பதிலை அவசரமாக வாசிக்க வேண்டாம்.

155 சன்னத்துக்கு நிரப்பிய அளவு மருந்தை 200 சன்னத்தின் பின்னால் வைத்தால் அமுக்கம் எல்லையைத் தாண்டும். பாரமான சன்னம் நகரத் தாமதிக்கும், வாயு விரிய இடம் கிடைக்காது. நீளமான சன்னம் கோதுக்குள் ஆழமாக இறங்கினால் மருந்துக்கான இடமும் குறையும், அது இன்னும் கெடுதி. .308க்கு அமெரிக்க நியமம் அனுமதிக்கும் உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். உங்கள் கன்னம், குழலின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் தாழ்ப்பாளிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

நான் இங்கே ஒரு மருந்தளவும் எழுத மாட்டேன், போனில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். மருந்துக் கம்பனியும் சன்னக் கம்பனியும் வெளியிடும் கைந்நூலில் உங்கள் சன்னம், மருந்து, கோது, பிறைமர் நான்கும் பொருந்துகிற வரியை எடுங்கள். தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுங்கள். உச்சத்திலிருந்து தொடங்க வேண்டாம். கோது மாறினாலும் மருந்தின் புதிய தொகுதி வந்தாலும் திரும்பக் கீழிருந்து வாருங்கள். பொதுவாகப் பாரமான சன்னத்துக்கு மெதுவாக எரியும் மருந்து பொருந்தும். சிட்னிப் பிள்ளைக்கு ஒரு சிறு தகவல்: அமெரிக்காவில் வார்கெற் என்று விற்பதும் அவுஸ்திரேலியாவில் ஏஆர்2208 என்று விற்பதும் அங்கே முல்வாலாவில் செய்யும் ஒரே மருந்து.

பிறைமர் தட்டையாகிப் பிதுங்குதல், கோதின் அடியில் பளபளப்பான அடையாளம், தாழ்ப்பாள் தூக்கப் பாரமாக இருத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு நிறுத்துங்கள். மிச்ச ரவையைக் கழற்றுங்கள், சுட்டு முடிக்க வேண்டாம்.

நிரப்பும் மேசையில் ஒரு நேரம் ஒரு மருந்து டப்பா மட்டும். மற்றது அலுமாரிக்குள். நிரப்பிய பின் ஐம்பது கோதையும் தட்டில் நிறுத்தி, மேலே விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பாருங்கள். மருந்து மட்டம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அந்த நேரம் போன் அடித்தால் எடுக்க வேண்டாம், அது நானாக இருந்தாலும்.

சன்னத்தைக் கோதில் எவ்வளவு வெளியே நீட்டி வைப்பது?

சுருள்வரி தொடங்கும் இடத்துக்கும் சன்னத்துக்கும் உள்ள இடைவெளிதான் பிரச்சினை. கூர்மையான வளைவுள்ள மூக்கு இந்த இடைவெளியில் மிகவும் உணர்ச்சி காட்டும், மெதுவான வளைவு பொறுத்துக்கொள்ளும். இரண்டையும் கலந்த வடிவம்தான் இப்போது பலர் விரும்புவது. புதியவர்கள் பொறுத்துக்கொள்ளும் வடிவத்தோடு தொடங்குங்கள். சன்னம் வரியில் முட்டினால் அமுக்கம் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

வேகம் ஒவ்வொரு ரவைக்கும் கொஞ்சம் மாறுகிறது. எவ்வளவு பரவாயில்லை?

100 யாரில் ஒன்றுமே தெரியாது. 1000 யாரில் செக்கனுக்கு 3 மீற்றர் வேறுபாடு ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் மேல் கீழாகக் காட்டும். 10 மீற்றர் மாறினால் அதுவே பத்துப் புள்ளி வட்டத்தின் பெரும் பகுதியைத் தின்றுவிடும். நூறு யாரில் ஒரே துளையில் விழுகிறது என்று சந்தோசப்பட்டு நேரே 1000க்குப் போகிறவர்கள் ஏமாறுவது இதில்தான். வேகமானியை வையுங்கள், மருந்தை ஒவ்வொன்றாக நிறுங்கள். பிறகு, வலச்சுற்று முறுக்கில் காற்றே இல்லாத நாளிலும் .308 சன்னம் 1000 யாரில் ஒரு 18 சென்ரிமீற்றர் வலப்பக்கம் போகும். அது சுழற்சியால் வருவது, காற்றின் மேல் பழி போட வேண்டாம்.

புழுக்கமான நாளில் காற்றுக் கனமாக இருப்பதால் சன்னம் மெதுவாகப் போகுமா?

யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம், மூச்சு முட்டுவதால். உண்மை எதிர்மாறு. நீராவியின் மூலக்கூற்று நிறை 18, உலர்ந்த காற்றின் சராசரி 29. நீராவி கூடினால் காற்று இலேசாகும். வெப்பம் கூடினாலும் இலேசாகும். கடல் மட்டத்தில் 15 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று 1.225 கிலோ, 32 பாகையில் 1.16 அளவு. ஆகவே கோடையில் சன்னம் சற்று மேலே விழும். வெயிலில் கிடந்த ரவையில் மருந்தும் சூடாகி வேகமும் அமுக்கமும் ஏறும். பெட்டியை நிழலில் வையுங்கள், சுட்ட சூடான குழலுக்குள் ரவையை ஏற்றிவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பாரமான சன்னம் இருந்தால் காற்றுப் பார்க்கத் தேவையில்லையா?

2.1 மீற்றர் 1.6 ஆகிறது, அவ்வளவுதான். 1.6ஐ நீங்கள் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது இரத்தத்தில் இருக்க வேண்டும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றியவர்களைக் கேளுங்கள். நிலத்தில் மணல்கூட அசையாது, மேலே பட்டத்தில் கட்டிய விண் கூவும். நூலைப் பிடித்த விரலில் காற்று ஏறுவதும் விடுவதும் தெரியும். வாடையா, கொண்டலா, சோழகமா என்று சொல்லக் காலண்டர் தேவையில்லை. 1000 யாரில் சன்னம் பார்வைக் கோட்டுக்கு மேலே மூன்று மீற்றருக்குக் கிட்ட எழும்பி இறங்கும். அங்கே வீசுவதும் புல்லில் வீசுவதும் ஒன்றில்லை. திடலின் கொடிகளைப் பாருங்கள், அதோடு கானலையும் பாருங்கள். மதியத்தில் ஆனையிறவு உப்பளப் பக்கம் தெருவில் நீர் ஓடுவது போலத் தெரியுமே, அதே கானல்தான் தொலைநோக்கியில் ஓடும். நேரே மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது உங்களுக்கு நேரே அல்லது பின்னால் இருந்து வருகிறது. ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் காற்று அந்தப் பக்கம் நோக்கி வீசுகிறது. வேகமாக ஓடித் தட்டையாகிவிட்டால் கொடியை நம்புங்கள். கானல் எந்த நேரம் திசை மாறுகிறதோ அந்த நேரம் விசையில் விரல் வைக்க வேண்டாம்.

மாமா, எங்கட சனம் இவ்வளவு பட்ட பிறகும் துவக்கைப் பற்றி எழுதுகிறீர்களே?

இதைக் கேட்டது என் தங்கையின் மகள். கேட்க வேண்டிய கேள்வி.

1995 ஒக்டோபர் 30 இரவு நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள்தான். மழை. அம்மாவைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பின்னால் கேட்ட சத்தம் பல வருடம் காதை விட்டுப் போகவில்லை. இங்கிலாந்தில் வாண வேடிக்கை விடும் நவம்பர் இரவுகளில் யன்னலை மூடிக்கொண்டு இருப்பேன். கூட வேலை செய்த ஒருவர் திடலுக்குக் கூப்பிட்டபோது ஒரு வருடம் மறுத்தேன். போன முதல் நாள் கை நடுங்கியது. அங்கே சிவப்புக் கொடி ஏறியிருந்தது. ஒருவர் வந்து ஒவ்வொரு துவக்கின் தாழ்ப்பாளும் வெளியே இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார். யாரோ ஒருவர் “நிறுத்து” என்று சொன்னதும் எண்பது பேர் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். இப்படி ஒரு இடத்தில் இந்தச் சத்தத்தை நான் முன்பு கேட்டதில்லை. தாளைத் தவிர வேறெதையும் நோக்கி ஒருநாளும் சுட்டதில்லை, சுடப் போவதும் இல்லை. இது பிடிக்காதவர்களுக்கு விளக்கம் சொல்லி மாற்ற நான் முயல்வதில்லை. பிள்ளையிடமும் அப்படியே சொன்னேன்.

காணி துப்புரவாக்கும்போது பழைய ரவை கிடந்தது. இது என்ன கிறெயின் என்று பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். படம் எடுக்கக் கிட்டப் போகவும் வேண்டாம். தொட வேண்டாம், கோதைக் கழற்ற வேண்டாம், குப்பையோடு சேர்த்து எரிக்க வேண்டாம். பனை ஓலை கூட்டிக் கொளுத்தும்போது வெடித்த கதைகள் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ரவைக்குப் பக்கத்தில் வேறு என்ன புதைந்திருக்கிறது என்று தெரியாது. வந்த வழியே அடி வைத்துத் திரும்புங்கள், இடத்தைத் தூரத்தில் நின்று அடையாளம் வையுங்கள், பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கடை ரவையே போதுமா, நானே நிரப்பத்தான் வேண்டுமா?

முதல் வருடம் கடை ரவை. 175 கிறெயின் போட்டி ரவை கிடைக்கும், 1000 யாரில் தாளில் விழும். உங்கள் படுக்கை, மூச்சு, விசை மூன்றும் சரியாகும் வரை சன்னத்தின் வித்தியாசத்தை நீங்கள் காண மாட்டீர்கள்.

சரி, .308 எஃப்-ரிஆர் துவக்கு, 10 முறுக்கு. முதலில் எதை வாங்க?

185 கிறெயின், நூறு மட்டும். 200க்கு அடுத்த வருடம் போகலாம். பெட்டியில் உள்ள தொகுதி இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். கைந்நூலின் தொடக்க அளவிலிருந்து ஏறி, வேகம் எங்கே ஒரே சீராக நிற்கிறதோ அங்கே நில்லுங்கள், உச்ச வேகத்தைத் தேட வேண்டாம். 100 யாரில் பார்த்து, பிறகு 300இல் பத்து ரவை சுடுங்கள். அந்த 300 யார்த் தாளைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். துளைகள் வட்டமா, ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு 1000 யாரைப் பற்றிக் கதைப்போம்.